‘ஆசுக்’கா? ‘ஆக்சா’? – ஒரு சிறுசொல்லின் ஒலிப்பு வழக்கு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் இயன்ற வினைச்சொல் ஒன்று உண்டு. ‘கேள்’ என்பது அதன் பொருள். தமிழில் எழுதுங்கால் அதனை ‘ஆசுக்’ என எழுதலாம். இவ்வடிவில் இடையே நிற்கும் உகரம் ஒலித்தற்கு வந்ததன்று. சகரவொலியைத் தாங்கி நிற்றற்கே வந்தது. ஆங்கில வாய் அவ்விடத்து உயிரொலி எதனையும் எழுப்புவதில்லை. சகரம் முடியும் நொடியிலேயே ககரம் பிறந்துவிடும்.

அவ்விரு மெய்களும் இடம்மாறி, ககரம் முன்னும் சகரம் பின்னுமாக நின்றால், அச்சொல் ‘ஆக்சு’ என்றாகும். இந்த இடமாற்றம் ஒன்றே, ஆங்கிலம் பேசும் நாடுகளில், மாந்தரைக் கற்றவர் என்றும் கல்லாதவர் என்றும், பண்பட்டவர் என்றும் பண்படாதவர் என்றும் கூறுபோடும் கத்தியாகப் பயன்பட்டு வருகின்றது. ‘ஆக்சு’ என ஒலிக்கும் சிறுவனை வகுப்பறை நகைக்கின்றது. அவ்வாறு ஒலிக்கும் இளைஞன் வேலை தேடிச் சென்றால், அவன் கற்ற கல்வியைப் பாராமல் அவன் வாயைப் பார்த்தே தீர்ப்பெழுதுவோர் உளர்.

அச்சொல்லைத் திருத்தமாகப் பலுக்குவது எங்ஙனம் என்பதும், ‘திருத்தம்’ என்னும் தீர்ப்பை வழங்கியவர் யாவர் என்பதுமே இன்றைய உரையின் பொருள்.

முதற்கண், ஒலிப்பு முறை. நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றை நெருங்கி, ஆயின் முற்றும் அடைத்துவிடாமல் நிற்க, அவ்விடுக்கின் வழியே காற்றுச் சீறி வெளிப்படும்போது சகரவொலி பிறக்கின்றது. ‘பசை’ என்னும் தமிழ்ச்சொல்லின் இடையில் வரும் சகரம் இதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். பின்னர் நுனிநா தாழ, அடிநா எழுந்து அண்ணத்தைத் தடுத்து விடுக்கும்போது ககரம் பிறக்கின்றது. ‘பக்கம்’ என்பதில் உள்ள வல்லோசைக் ககரம் அது. நாவின் முனையிலிருந்து அடிக்கு, உயிரொலி எதுவும் ஊடே புகாதபடி தாவ வேண்டும். இத்தாவலே இச்சொல்லின் கடுமை.

இறந்தகால வடிவத்தில் இக்கடுமை இரட்டிக்கின்றது. சகரம், ககரம், டகரம் என மூன்றொலிகள் உயிரின் துணையின்றி அடுத்தடுத்து நிற்க வேண்டும். அவ்வாறு நிறுத்துவது ஆங்கிலர்க்கே அரிதாகலின், விரைந்து பேசுங்கால் நடுவில் உள்ள ககரத்தை விழுங்கிவிட்டு ‘ஆசுட்’ என்றே பலரும் சொல்லிச் செல்கின்றனர். அவருள் பேராசிரியரும் உளர். மன்ற நடுவரும் உளர். அதனைப் பிழையென எவரும் பழிப்பதில்லை. ஒலியை விழுங்குதல் குற்றமில்லையாம். ஒலியை இடம் மாற்றுதல் மட்டும் பெருங்குற்றமாம்! நடுநிலை எங்குள்ளது என்பதை அவையோர் இங்கேயே எண்ணத் தொடங்கலாம்.

தமிழர் வாய்க்கு இச்சொல் கடினமாவது அவர் நாவின் குறையால் அன்று. க், ச், த், ப் என்னும் நான்கு மெய்களும் தம்மொடு தாமே மயங்குமன்றிப் பிற மெய்யொடு மயங்கா என்பது தொல்காப்பியர் கண்டு கூறிய தமிழொலி நெறி. பக்கம், அச்சம், பத்து, உப்பு என வரும். ஆகவே சகரமெய்யை அடுத்துக் ககரம் வந்து நிற்குமிடத்துத் தமிழ்நா தானே ஓர் உகரத்தை இட்டு நிரப்புகின்றது. சொல்லின் ஈற்றிலும் உகரம் ஒன்றைச் சேர்த்து ‘ஆசுக்கு’ என்கின்றது. சப்பானியரும் இத்தகைய இடங்களில் தம் மொழிக்கேற்ப உயிரொலியைப் புகுத்தியே பேசுகின்றனர். இசுபானியர், சகரமெய் முதலாகி அடுத்தொரு மெய் வரும் அயற்சொற்களை எகரம் முன்சேர்த்தே ஒலிக்கின்றனர். இது மாந்த இயற்கை. ஐரோப்பியர் வாயில் தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆயிற்று. ஆங்கிலர் அத்திரிபுகளையே ஆட்சிப் பெயர்களாக எழுதி வைத்தனர். அதற்காக அவர் நாணித் தலைகுனிந்ததில்லை.

இனி, பழிக்கப்படும் ‘ஆக்சு’ வடிவத்தின் வரலாறு. கல்லாதார் அண்மைக்காலத்தில் உண்டாக்கிய சிதைவு அது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இவ்விரு வடிவங்களும் அருகருகே வழங்கின. இங்கிலாந்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ‘ஆக்சு’ வேரூன்றி நின்றது. இன்று திருத்தமெனப் போற்றப்படும் ‘ஆசுக்’ வடபுல வழக்காகும். ஏறத்தாழ 1600ஆம் ஆண்டுவரை எழுத்திலும் ‘ஆக்சு’ மதிப்புடன் விளங்கியது.

ஆங்கிலப் பாவலருள் மூத்தவராகப் போற்றப்படும் சாசர் 1400ஆம் ஆண்டு மறைந்தவர். அவர் தம் கேண்டர்பரிக் கதைகளில் ‘ஆக்சு’ வடிவத்தைத் தயக்கமின்றி ஆண்டுள்ளார். அவர் நாவைக் கல்லாதார் நா என்று சொல்லத் துணிவார் யார்?

இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் நிறுவியவர் வில்லியம் காக்சுடன். அவர் 1490ஆம் ஆண்டளவில் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். தேம்சு ஆற்றின் வழியே கடல்கடந்து செல்லப் புறப்பட்ட வணிகர் சிலர், காற்றில்லாமையால் கரையில் தங்க நேர்ந்தது. அவருள் ஒருவர் ஒரு வீட்டை அடைந்து முட்டை வேண்டுமெனக் கேட்டார். முட்டைக்கு அவர் வழங்கிய சொல் வடபுலத்தது. அவ்வீட்டுப் பெண்மணி அறிந்ததோ தென்புலச் சொல். வந்தவர் பேசுவது பிரெஞ்சு மொழி போலும் என்றெண்ணி, தமக்குப் பிரெஞ்சு தெரியாதென்று அப்பெண்மணி விடையிறுத்தார். வணிகர்க்குச் சினம் மூண்டது; அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! பின்னர் வேறொருவர் தென்புலச் சொல்லைக் கூறிக் கேட்டபின்பே அப்பெண்மணிக்கு விளங்கிற்று. இவ்விரு சொற்களுள் எதனை எழுதுவது என்று காக்சுடன் கலங்குகின்றார். ஆனால் இந்நிகழ்ச்சியில் வணிகர் ‘கேட்டார்’ என்பதற்கு அவர் அச்சிட்ட சொல் எது? ‘ஆக்சு’ என்பதன் இறந்தகால வடிவமே! முட்டைக்குரிய சொல்லைப் பற்றிக் கலங்கியவர், இச்சொல்லைப் பற்றிச் சிறிதும் கலங்கினாரல்லர்.

விவிலியத்தின் சான்றோ இன்னும் வலியது. 1526ஆம் ஆண்டு திண்டேல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலும், 1535ஆம் ஆண்டு கவர்தேல் வெளியிட்ட, அச்சில் வந்த முதல் முழு ஆங்கில விவிலியத்திலும், மத்தேயு நற்செய்தியின் ஏழாம் பிரிவில், இயேசு தம்மைச் சூழ்ந்தோரைக் ‘கேளுங்கள்’ எனப் பணிக்குமிடத்து நிற்பது ‘ஆக்சு’ என்னும் வடிவமே. 1611ஆம் ஆண்டு சேம்சு மன்னர் ஆணையால் வெளிவந்த பதிப்பில் அவ்விடத்தில் ‘ஆசுக்’ நிற்கக் காண்கின்றோர் காணலாம். நேற்றுவரை இறைவாக்கின் சொல்லாக இருந்தது, நாளடைவில் இழிந்தோர் சொல்லாயிற்று! சொல் மாறவில்லை, அதைச் சொல்வோர்பால் மதிப்பே மாறிற்று.

ஒலிகள் இடம்மாறுவதே குற்றமெனின், இன்றைய ஆங்கிலம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியதுதான். பறவைக்கு ஆங்கிலர் இன்று வழங்கும் ‘பேர்டு’ என்னும் சொல், முற்காலத்தில் ரகரம் முன்நின்ற ‘பிரிடு’ என்னும் சொல்லே. ‘மூன்றாவது’ எனப் பொருள்படும் ‘தேர்டு’ என்பதும் ‘திரிடு’ என்னும் அமைப்பிலிருந்து இடம்மாறி வந்ததே. ‘மூன்று’ என்னும் சொல்லில் ரகரம் இன்றும் பழைய இடத்திலேயே நிற்பதால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். குளவியைக் குறிக்கும் ‘வாசுப்பு’ என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பகரம் முன்வந்த ‘வாப்சு’ என்னும் வடிவமும் இருந்தது. ‘பேர்டு’ என்று நாடோறும் கூறுவோர் ‘ஆக்சு’ என்பாரைப் பார்த்து நகைப்பது, ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்னும் பழமொழிக்கு இலக்கியமன்றோ!

மெய்யின் கதை இவ்வாறாக, முதலில் நிற்கும் உயிரின் கதை இதனினும் நகைப்பிற்குரியது. தென்னிங்கிலாந்தின் உயர்குடியினர் இச்சொல்லை நெடிய ஆகாரத்தால் தொடங்குவர். வடவிங்கிலாந்தினரும் அமெரிக்கரும் குறுகிய ஓசையால் தொடங்குவர். நெடிய ஆகாரமே செம்மையின் அடையாளமெனத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவும் நம்பி வந்துள்ளன. ஆனால் 1791ஆம் ஆண்டு ஒலிப்பு அகரமுதலி ஒன்றை வெளியிட்டு, தம் காலத்து ஆங்கிலர்க்கெல்லாம் ஒலிப்பாசானாக விளங்கிய சான் வாக்கர் என்பார், கூடையைக் குறிக்கும் ‘பாசுகெட்’ முதலிய இவ்வினச் சொற்களில் அகரத்தை நீட்டி ஒலிப்பது இழிவழக்கை ஒட்டியது என்று கடிந்தெழுதினார். அன்று இழிவெனக் கடியப்பட்ட நீட்டமே பின்னர் அரண்மனை ஒலிப்பாயிற்று.

அங்ஙனமாயின் ‘திருத்தம்’ என்பதை வரையறுத்தவர் யாவர்? இலக்கண நெறியா? ஒலிநூலா? இரண்டும் இல்லை. அரசு இலண்டனில் இருந்தது. வணிகம் இலண்டனில் குவிந்தது. அச்சகங்கள் அங்கே பெருகின. அங்கே நிலைபெற்ற எழுத்து வழக்கு எதுவோ அதுவே செம்மை எனப்பட்டது. ஏனையவெல்லாம் கொச்சை எனப்பட்டன. 1917ஆம் ஆண்டு தானியல் சோன்சு என்னும் ஒலிநூலறிஞர் ஆங்கில ஒலிப்பு அகரமுதலியை வெளியிட்டபோது, தென்னிங்கிலாந்தில் பெரும்பொருள் செலவிட்டுப் பயிலும் உறைவிடப் பள்ளிகளில் கற்றோர்தம் குடும்ப ஒலிப்பையே அதில் பதிவு செய்தார். அவர் அதனை ஏனையோர்மேல் சுமத்த விரும்பினாரல்லர். ஆயினும் உலகம் அதனையே அளவுகோலாகக் கொண்டது. உழவர் ஒலிப்பும் தொழிலாளர் ஒலிப்பும் அவ்வளவுகோலுக்குப் புறத்தே நின்றன. ஆட்சியும் செல்வமும் எவர் வாயில் இருந்தனவோ அவர் வாயே இலக்கணமாயிற்று என்க.

இவ்வரலாறு வெறும் புலமை விளையாட்டன்று; இதனால் நைந்த உயிர்கள் பல. அடிமைகளாகக் கடத்தப்பட்டு அமெரிக்காவிலும் கரிபியத் தீவுகளிலும் விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், தம்மை ஆண்டவரும் தம்முடன் உழைத்தவருமான ஆங்கிலக் குடியேறிகளின் வாயிலிருந்தே ‘ஆக்சு’ என்னும் வடிவத்தைக் கேட்டறிந்தனர். அவர்தம் வழிவந்தோர் அதனைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். கொடுத்தவன் மறந்துவிட்டான், பெற்றவன் பேணி வைத்தான். மறந்தவன் இன்று பேணியவனைப் பார்த்து, ‘உனக்கு என் மொழி வரவில்லை’ என்கின்றான்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், கருப்பினக் குழந்தைகள் சிலர் படிப்பில் பின்தங்கினர். அவர்களைக் கற்றற்கு இயலாதார் எனப் பள்ளி முத்திரையிட்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1979ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் நடுவர் சார்லசு சாய்னர் தீர்ப்பு வழங்கினார். அக்குழந்தைகள் வீட்டில் பேசும் ஆங்கில வழக்கைப் பள்ளி கருத்திற் கொள்ளத் தவறியது என்றும், அவ்வழக்கை ஆசிரியர் அறிந்து அதன்வழிப் பொது ஆங்கிலத்தைப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது. குழந்தையின் அறிவில் குறையில்லை. குழந்தையின் வாய்மொழியை ஆசிரியர் மதிக்காமையே குறை என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1999ஆம் ஆண்டு சான் பா என்னும் கருப்பின மொழியறிஞரும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவரே மூவகை ஒலிப்புகளில், கலிபோர்னியாவின் சான்பிரான்சிசுகோ வட்டாரத்து வீட்டு உரிமையாளர்களைத் தொலைப்பேசியில் அழைத்து, வாடகைக்கு வீடு பார்க்க வரலாமா என்று கேட்டார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில், பொது ஆங்கில ஒலிப்பில் கேட்டபோது கிடைத்த இசைவு, கருப்பினத்தார் ஒலிப்பிலும் மெக்சிகோ வழியினர் ஒலிப்பிலும் கேட்டபோது குறைந்தது. கேட்டவரோ ஒரே ஆள். கேட்ட செய்தியும் ஒன்றே. முகமறியாத் தொலைப்பேசியிலும் ஒலிப்பே முகமாகி வாயிற்கதவை அடைத்தது. தொடக்கத்தில் கூறும் ‘அலோ’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே பேசுவோர் இன்னார் எனப் பெரும்பாலும் கண்டுகொள்ள முடிகின்றது என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

ஆங்கிலர் இழிவெனத் தள்ளிய இவ்விடமாற்றத்தைத் தமிழிலக்கணம் எங்ஙனம் நோக்கியது? தசை சதை என்றும், விசிறி சிவிறி என்றும், ஞிமிறு மிஞிறு என்றும் வருவன தமிழில் உண்டு. நன்னூலார் இயல்பு வழக்கின் மூன்று கூறுகளுள் ஒன்றாக இலக்கணப் போலியை வைத்தார். இல்லின் முன் என்பது முன்றில் என முன்பின்னாய் நிற்பதைத் தொல்காப்பியர், தொன்று தொட்டு மருவி வந்த மரபு என்று தழுவிக் கொண்டார். ஆயின் அவ்விலக்கணத்திற்கு உரியவர்களே சிற்றூர் மூதாட்டி மதுரையை ‘மருதை’ என்றாலும் குதிரையைக் ‘குருதை’ என்றாலும் நகைக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது. பொது எழுத்தில் மதுரை என்றே எழுதுக, ஐயமில்லை. அதற்காக மூதாட்டியின் வாயை நகைப்பது தமிழ்ப் பற்றாகாது.

‘அங்ஙனமாயின் எவரும் எவ்வாறும் ஒலிக்கலாமோ? ழகரத்தைச் சிதைப்பாரையும் தழுவிக்கொள்ளலாமோ?’ என்று வினவுவார் உளர். வினா முறையானதே. கலை, களை, கழை என்பன ஒலியால் மட்டுமே வேறுபட்டுப் பொருளால் மூன்றாய் நிற்பவை. இவற்றின் ஒலிகளைக் குழப்பினால் மொழியின் பொருள்வேலியே சரிந்துவிடும். ஆகலின் அவற்றைக் காத்தல் கடமை. ‘ஆசுக்’ ‘ஆக்சு’ என்பனவோ பொருளால் ஒன்றே. ‘ஆக்சு’ என்றால் கோடரி என்றும் பொருள்படுமே எனின், ‘உன்னிடம் ஒன்று ஆக்சு செய்கிறேன்’ என்பவன் கையில் கோடரியை எவரும் தேடுவதில்லை. அத்தகைய ஒப்பொலிச் சொற்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. எனினும், காக்க வேண்டிய ழகரத்தைக் கூடப் பயிற்றியே காக்க வேண்டும். பழித்துக் காக்க முடியாது. நகைப்புக்கு அஞ்சிய குழந்தை ழகரத்தைக் கற்பதில்லை. வாயை மூடிக்கொள்ளவே கற்கின்றது.

ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கூறத்தக்கது இது. அம்மொழியைப் பயன்கருதிக் கற்கும் பிள்ளைக்கு, இன்று பொதுவென ஏற்கப்பட்ட ‘ஆசுக்’ என்னும் ஒலிப்பையே பயிற்றுக. முதலில் ‘ஆசு’ என்பதன் ஈற்றுகரத்தை விலக்கிச் சகரவொலியை மட்டும் நீட்டச் செய்க; அது நீளும்போதே ககரத்தைத் தொட்டு நிறுத்தச் செய்க; மீண்டும் மீண்டும் சொல்லச் செய்க. சில நாள்களில் நா பழகிவிடும். ஒலிப்புப் பழகாத நாளிலும், ‘இது பிறர் வீட்டு வழக்கம், அவ்வீட்டுக்குச் செல்லும்போது இவ்வாறு ஒலிப்பது உதவும்’ என்று சொல்லிக் கொடுக்க. ‘உனக்கு அறிவில்லை’ என்று சொல்லிக் கொடாதிருக்க. முன்னது கல்வி, பின்னது கொடுமை.

அன்பர்களே! அச்சிறு சொல்லின் பொருள் ‘கேள்’ என்பது. தமிழில் கேள் என்பதற்கு வினவு என்றும் பொருள். செவிகொடு என்றும் பொருள். ஒரு குழந்தை எழுந்து நின்று ஒன்றைக் கேட்கத் துணியும்போது, அது கேட்கும் பொருளுக்குச் செவிகொடாமல், கேட்கும் ஒலியில் குற்றம் தேடுவோர் கல்வியின் வாயிலை அடைப்பவர் ஆவர். ஒலியைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். ஒடுங்கிய உள்ளத்தை நிமிர்த்துவது எளிதன்று. கேட்கும் குழந்தை கேட்கட்டும். அதன் வினாவுக்கு முதலில் விடை தரப்படட்டும்!